தலைவலி என்று சொல்லிவிட்டேன்

ஜூலை 15, செவ்வாய்

விடிந்ததிலிருந்து ஒரே காற்று. ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது, அதற்குள் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு முருங்கையில்.

செய்ய வேண்டியது: கேஸ் சிலிண்டர் பதிய. மகள் பிளெஸ்ஸி யூனிபார்ம் கீழ்மடிப்புப் பிரித்து விட. இவருக்குப் போன் (போர்வெல் போடும் ரிக் வண்டி இப்போது மத்தியப் பிரதேசத்தில், சிக்னல் கிடைத்தால்). ஞாயிற்றுக்கிழமை சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுவதற்குத் தயார் பண்ண. ஆயரம்மா கொடுத்த தலைப்பு: வேலைக்குப் போகும் பெண்ணின் ஜெப வாழ்க்கை. பத்து நிமிடம்.

தலைப்பைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன். இந்த நோட்டு ஜெபக் குறிப்பு எழுத வாங்கியது. முதல் பக்கத்தில் ஆறு பேர் பெயர், அடுத்த பக்கத்தில் பிளவுஸ் அளவு, அதற்குப் பிறகு வெறும் தாள். யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை.

இளம்பிள்ளையில் இருக்கிற சேலைக் கடையில் சேர்ந்து நாலு மாதம். சேலையை விரித்து டேமேஜ் பார்ப்பது என் வேலை. மத்தியானம் குடோன் மாடியில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் நாள் டப்பாவைத் திறந்து, வழக்கப்படி கண்ணை மூடினேன், சாப்பாட்டு ஜெபம் பண்ண. பாதியில் ஒரு குரல், என்னாச்சுங்க அக்கா என்று. மடிப்பு வேலை செய்கிற பாவாயி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள். நான் சட்டென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

முன்பு வேலை பார்த்த தறிப்பட்டறை ஆபீசில் எனக்கு 'அல்லேலூயாக்கா' என்றுதான் பெயர். நான் கண்ணை மூடும் நேரம் பார்த்துக் குழம்பு டப்பாவை ஒளித்துவைப்பார்கள். மூன்று வருடம் சிரித்துச் சமாளித்தேன். இங்கேயும் அந்தக் கூத்து வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் அப்படி இல்லையே! நான் கிறிஸ்தவள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பில் போடுகிற நூர்ஜஹான் மத்தியானத் தொழுகைக்கு ஸ்டாக் ரூம் மூலையில் பாய் விரிக்கிறாள். பண்டல் இடத்தை அடைத்தால் முதலாளியையே நகர்த்தச் சொல்கிறாள். அவரும் நகர்த்துகிறார்.

ஆக, நாலு மாதமாக தினமும் ஒன்றரை மணிக்கு எனக்குத் தலைவலி. இன்று பாவாயி தைலம் வாங்கிவந்து தானே தேய்த்தும் விட்டாள். கண்ணில் பட்டு எரிந்து தண்ணீராகக் கொட்டியது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பஸ்ஸில் நிற்க இடமில்லை, எல்லாம் மஞ்சள் சேலை. கடையில் ஆர்டர் குவிகிறது. மெரூன் பார்டரில் இழை அறுந்தது எட்டு, ஒதுக்கிவைத்தேன்.

பாவாயி செருப்பில்லாமல் வந்தாள். மத்தியானம் எங்களோடு உட்கார்ந்தாள், டப்பா இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும். வேண்டுதலாம். ஆடி முழுக்க வெறுங்கால், செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சோறு கிடையாது. வீட்டுக்காரனுக்குக் குடி நிற்கவா, மகனுக்கு மார்க் வரவா என்று ஆளாளுக்குக் கிண்டினோம். சிரித்தாளே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

என் டப்பாவில் முட்டைக் குழம்பு. நெற்றியைப் பிடித்தேன், கண்ணை மூடினேன், திறந்தேன், சாப்பிட்டேன். நாளெல்லாம் நின்றே மடிக்கிறவள் இப்படிப் பட்டினி கிடக்கிறாளே, அந்த அளவுக்கு என்ன கஷ்டமோ என்று பாவமாக இருந்தது.

பிளெஸ்ஸிக்குச் சளி. கேஸ் இன்னும் பதியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் கொடுமை.

சொன்னதில் ஒரு வரி: "நான் வேலை செய்யற எடத்துலகூட ஜெபம் பண்ணாம ஒரு வாய் சோறு வெச்சதில்ல." பொய்யா? இல்லை. தினமும் கண்ணை மூடத்தான் செய்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஆயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல ஒரு கடைக்கு ஒருத்தர் இருந்தால் போதும் என்றார். எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

சாயந்தரம் இவர் போன். பிளெஸ்ஸி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். கேட்டுவிட்டு இவர் சொன்னார்: "உன்னையாட்ட தைரியம் எனக்கு இல்ல புள்ள. இங்க பசங்க முன்னால வெக்கமா இருக்குது. வண்டி கேபின்ல ஏறிக் கதவச் சாத்திக்கிட்டுத்தான் ஜெபம் பண்றேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டின புருஷனிடம் என்ன? பரவாயில்லை, பழகப் பழகச் சரியாகும் என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் எல்லாரும் கை கழுவப் போன பிறகு பாவாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்றும் பட்டினி. என் நட்சத்திரம் என்ன என்று கேட்டாள். எங்களில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்றேன். அப்படியானால் சாமி பேருக்கே அர்ச்சனை பண்ணச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. யாருக்கு அர்ச்சனை?

முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேப்பரில் சுற்றிய ஒரு தகட்டை எடுத்தாள். கோயில் கடைகளில் விற்பார்களே, கண் நோய்க்குக் கண், கால் வலிக்குக் கால் என்று உருவம் அடித்த தகடு, அது. இதில் ஒரு தலை. கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தது.

"இது உங்களுக்குத்தானுங்க அக்கா" என்றாள்.

வெறுங்கால், பட்டினி, எல்லாம் என் தலைவலிக்கு. மாத்திரை போட்டும் நிற்கவில்லை, தைலத்துக்கும் நிற்கவில்லை, நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லையாம். ஆடி கடைசி வெள்ளிக்குள் வலி நின்றால் அவள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றித் தகட்டை உண்டியலில் போடுவதாக வேண்டியிருக்கிறாள்.

நான் தகட்டை வாங்காமல் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீங்க சாமி கும்புட்டு நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க. நூரு பாய் விரிக்குது, நாங்க கோயிலுக்குப் போறோம். உங்களுக்கு உங்க சாமி மேல ஏதோ கோவமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அதான் உங்களுக்கும் சேத்து நானே ஆத்தாகிட்டக் கேட்டுட்டேன். தப்புங்களா?"

தப்பில்லை என்றேன். எழுந்து போய்ச் சேலையை விரித்தேன். மூன்று சேலை விரித்தும் டேமேஜ் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் கும்பிட்டு அவள் பார்த்ததே இல்லையாம். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், நாலு மாதமாக.

ஜூலை 23, புதன்

சொல்லவில்லை. காலையில் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். பஸ்ஸில் வரும்போதே காரணங்கள் தயார்:

சொன்னால் அவள் விரதம் வீணாகிவிடும்.
மற்ற பெண்கள் அவளைத்தான் கேலி செய்வார்கள்.
ஆடி முடிய இன்னும் மூன்று வாரம்தான், அதற்குள் 'சரியாகிவிட்டது' என்று சொன்னால் அவளுக்கும் சந்தோஷம்.

மூன்றாவதை யோசித்தேன் என்பதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. ஒரு பொய்க்கு அவளுடைய அம்மன் பொறுப்பாம்! இதெல்லாம் அவளுக்காக இல்லை. என் மானத்துக்காக.

சாயந்தரம் வீட்டில் முழங்கால் போட்டுக் கர்த்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பிறகு தோசை ஊற்றும்போது யோசித்தேன். கர்த்தரிடம் சொல்வது சுலபம். அவர் மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கவில்லை.

பிளெஸ்ஸி சளி பரவாயில்லை.

ஜூலை 25, வெள்ளி

பாவாயி காலில் கண்ணாடிச் சில்லு. நேற்று பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுத்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டியிருக்கிறார்கள். பாதம் வீங்கி, விரலெல்லாம் மினுமினு என்று இருக்கிறது. லீவு போடாமல் வந்து ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று மடிக்கிறாள்.

செருப்புப் போடச் சொன்னோம். முதலாளியே சொன்னார். மாட்டாளாம். "மூணு வாரந்தானுங்களே, தாங்கிக்குவேன்." மத்தியானச் சோறும் இல்லை.

என் டப்பாவைத் திறந்தேன். பழக்க தோஷம், கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. தன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாவாயி நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கும் வலிக்குதுங்களா?" என்றாள்.

டப்பாவை மூடி வைத்துவிட்டேன். எனக்கு வலி அதிகம் போல என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நாளைக்குச் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

ஜூலை 26, சனி

சொல்லிவிட்டேன்.

ஷட்டர் திறந்ததும் அவளை ஸ்டாக் ரூமில் பண்டல் மேல் உட்காரவைத்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "பாவாயி, எனக்குத் தலைவலியே கெடையாது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். அவள் கண்ணில் தண்ணீர். இப்படியே விட்டுவிடு என்று எனக்குள் ஒன்று சொன்னது. ஒரு நிமிடம் விட்டும் பார்த்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு திரும்பவும் சொன்னேன். இப்போது மட்டும் இல்லை, எப்போதுமே இல்லை. நாங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவோம், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலைவலி என்றேன், என்று.

கூப்பின கை மெதுவாக இறங்கியது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ பெருக்கும் சத்தம்.

"அப்ப இத்தன நாளும் கும்புட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா."

ஆமாம் என்றேன்.

"நாங்க உங்கள என்ன பண்ணிருவோம்னு நெனச்சீங்க அக்கா?"

பழைய ஆபீசையும் குழம்பு டப்பாவையும் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அவளா ஒளித்துவைத்தாள்? அவள் கொடுத்தது தைலம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. கையை ஊன்றி எழுந்தாள். இனிமேலாவது செருப்புப் போடு, இந்த வேண்டுதலுக்கு இனி அர்த்தமில்லையே என்று கெஞ்சினேன்.

நின்று திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னது பொய்யா இருக்கலாமுங்க. நான் ஆத்தாகிட்டச் சொன்னது பொய்யில்லீங்களே."

நொண்டிக்கொண்டே மேசைக்குப் போனாள். நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. மத்தியானம் நான் மாடிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். பாருங்கள், மறுபடியும்.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனை. பின் பெஞ்ச். ஆயரம்மா சிரித்தார், அடுத்த மாதமும் நான்தான் பேச வேண்டுமாம். முடியாது என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை.

இவரிடம் போனில் சொன்னேன், பாவாயி கால் உட்பட எல்லாம். அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம். கடைசியில், நீயுமா புள்ள என்றார்.

ஜூலை 28, திங்கள்

கேஸ் வந்தது. காற்று அடங்கவில்லை.

பாவாயி கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இன்னும் வெறுங்கால்தான், கட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை. காலையில் என்னைப் பார்த்ததும், வாங்க அக்கா என்றாள். எப்போதும் போல. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மத்தியானம் மாடி. ஆறு பேர். திங்கள் என்பதால் அவளும் டப்பா கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் மூடியைத் திறந்தார்கள். ஒருத்தி சோற்றில் கை வைத்துவிட்டாள்.

"சித்த பொறுங்க" என்றாள் பாவாயி. "அக்கா கும்புடோணும். அப்பறம் சாப்புடலாம்."

தலைவலிக் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று மற்றவர்கள் முகத்திலேயே தெரிந்தது. கை வைத்தவள் கையை எடுத்தாள். நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார்கள். ஐந்து பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

கண்ணை மூடினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்தேன்.

ஒரு வார்த்தை வரவில்லை. நாக்குத் திரும்பின வயதிலிருந்து சொல்கிற ஜெபம், பிளெஸ்ஸிக்கு நான் சொல்லிக்கொடுத்தது, முதல் வார்த்தைகூட வரவில்லை. அப்போதுதான் விளங்கியது. இந்த நாலு மாதமும் கண்ணை மூடிக்கொண்டு நான் ஜெபம் பண்ணவே இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எந்த நாளில் நின்றுபோனது என்றுகூடத் தெரியவில்லை.

ரச வாசனை. யாரோ மூச்சு விடும் சத்தம். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

"ஆச்சுங்களா அக்கா?" என்று பாவாயி மெதுவாகக் கேட்டாள்.

கண்ணைத் திறந்து, ஆச்சு என்றேன்.

அதையும் நம்பிவிட்டாள்.