இடப்பக்கத்துச் சலங்கை

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே வெயில் சுள்ளென்று. முதல் ஷிஃப்ட். நிலக்கரி மைன்ஸில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி லேட், வாயெல்லாம் புழுதி. மூன்று மணிக்கு வீடு.

செய்ய வேண்டியவை:
– காஸ் புக் பண்ண
– பின்பக்கக் குழாய்க்கு வாஷர்
– கபீரிடம் ‘டாக்’ பற்றிக் கேட்க (முக்கியம்!)

ஹெட்ஃபோன் சரியாகவே இல்லை. மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அதைக் குறை சொல்ல மனசு வராது. ஆகவே குற்றவாளி கம்ப்யூட்டர்தான். பத்து வருஷக் கிழம். இடப்பக்கம் மந்தமாகக் கேட்கிறது. எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் இடப்பக்கம் மட்டும் ஒரு சலங்கை வரும். இரண்டு மாதமாக அதைக் காணோம்.

ஸ்பீக்கரில் போட வழியில்லை. மாடி வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார். எங்கள் பிளாக்கில் பகலில் குக்கர்கூட பயந்து பயந்துதான் விசில் அடிக்கும்.

ஜூன் 4, புதன்

மந்தாரக்குப்பம், கபீர் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவன், என்னைவிடப் பெரிய பாட்டுப் பைத்தியம். டாக் என்பது தீப்பெட்டி அளவு டப்பாவாம். கம்ப்யூட்டருக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் மாட்டினால் சத்தம் சுத்தமாக வருமாம்.

“அண்ணே, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. ஹெட்ஃபோன எடது வலது மாத்தி மாட்டிப் பாருங்க. மந்தம் வலது காதுக்குப் போச்சுன்னா கம்ப்யூட்டரோ ஹெட்ஃபோனோ கோளாறு. எடதுலயே நின்னுச்சுன்னா...”

பேச்சை மாற்றி டீ சொன்னான்.

இடதிலேயே நின்றால் கோளாறு காதில். எனக்குத் தெரியாதா என்ன. இத்தனை நாள் மாற்றி மாட்டாமல் இருப்பதே அதற்குப் பயந்துதான். வெள்ளிக்கிழமை மைன்ஸில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப். காதும் பார்ப்பார்கள். போன வருஷம் எங்கள் ஷிஃப்ட் முருகேசனுக்குக் காது போச்சு என்று மெஷினிலிருந்து இறக்கினார்கள். இப்போது ஸ்டோரில் ரெஜிஸ்டர் எழுதுகிறான். நான் இருபத்திரண்டு வருஷமாக, ராட்சதச் சக்கரம் சுழலும் மெஷினில் மண் வெட்டுகிறவன். பேனா பிடித்தால் கை வலிக்கும் (இந்த டைரி நீங்கலாக).

“ரெண்டு நாள் வச்சுப் பாருங்கண்ணே” என்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டான்.

ஜூன் 5, வியாழன்

டப்பா மாட்டியாச்சு. வலப்பக்கம் பிரமாதம். இடப்பக்கம் அதே மந்தம். “பழகப் பழக வரும்” என்றேன் செல்வியிடம். வீட்டுக்காரி குள்ளஞ்சாவடி ஊர்க்காரி, லேசில் ஏமாறமாட்டாள், அவளிடமா பலிக்கும்?

“இன்னாங்க அது, டப்பாவ வெச்சிக்கினு மொறச்சிக்கினே இருக்கீங்க?”

கபீர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

“அவ்ளோதான? கண்ண மூடுங்க.”

மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். எந்தப் பக்கம் எது என்று எனக்குத் தெரியாது. எந்தக் காது மந்தம் என்று நாலு தரம் கேட்டாள். நாலு தரமும் இடது என்றேன்.

“ரெண்டு தரம் திருப்பி மாட்டினேங்க.” ஹெட்ஃபோனை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

ஆக, காதுதான். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும். ராத்திரி சேமியா உப்புமா. வாஷர் இன்னும் போடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மெடிக்கல். நீள வரிசை. டாக்டரம்மா சின்ன வயசு. இடது காதில் லைட் அடித்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வேலை நேரத்துல காதுக்கு என்ன போடுவீங்க?”

“பிளக்குங்க மேடம்.”

“எப்பவுமேவா?”

பொய் வரவில்லை. பிளக் தொலைந்துவிட்டால், கிரீஸ் துடைக்கிற பஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி அடைத்துக்கொள்வோம். ஷிஃப்ட் முடிந்ததும் பிடுங்கிப் போடுவோம். எங்கள் ஷெட்டில் எல்லாரும் செய்வதுதான்.

சொட்டு மருந்து, வெதுவெதுப்பான தண்ணீர், இடுக்கி. கிண்ணத்தில் விழுந்ததை எழுதவே கூச்சம். பட்டாணி அளவு பஞ்சு, கரிப்புழுதியும் அழுக்கும் ஏறிக் கன்னங்கரேலென்று.

“சார், ஒரு மைன்ஸையே உள்ள வச்சிருந்திருக்கீங்க!” என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். பிறகு சத்தம் புகாத அறையில் டெஸ்ட். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். ரொம்பக் கீச்சென்ற சத்தம் மட்டும் இரண்டு காதிலும் கொஞ்சம் குறைவு. வயசும் மெஷினும் சேர்ந்து செய்த வேலை. மற்றபடி ஃபிட். ஆனால் பிளக் கட்டாயம். போன மாதம் ஷெட்டில் எல்லாரையும் நிற்கவைத்துக் காதுப் பாதுகாப்பு பற்றிப் பேசியவன் நான்தான் என்பதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் கேட்டதற்குப் புழுதி என்றேன்.

ஜூன் 7, சனி

வார ஆஃப். லேசான மேகம். எங்கள் ஃபேன் இவ்வளவு சத்தமா போடும்? பின்பக்கக் குழாய் சொட்டுவது ஹால்வரை கேட்கிறது. உடனே வாஷர் போட்டேன்.

டப்பாவைக் கழற்றிவிட்டு, ஹெட்ஃபோனை நேரே கம்ப்யூட்டரில் மாட்டினேன். பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் – சலங்கை! இடப்பக்கம்! மூன்று தரம் போட்டுக் கேட்டேன்.

நான்காம் தரம்தான் கவனித்தேன். சலங்கைக்குப் பின்னால் ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல். மௌஸை நகர்த்தினால் கிர்ர். டப்பாவை மாட்டினேன். இரைச்சல் போயே போச்சு. ஆக, கம்ப்யூட்டரும் குற்றவாளிதான். கபீருக்கு போன் போட்டு, டப்பா திரும்பி வராது என்று சொல்லியாச்சு.

“காது கேக்காதப்பவும் டப்பா, கேட்டாலும் டப்பாவா?” என்றாள் செல்வி. டீயோடு வந்து சோபாவில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

என்ன இந்தப் பக்கம் என்றேன்.

“பொங்கல்லேர்ந்து வலது பக்கமாத்தான் உக்காந்துக்கினு இருந்தேன். அங்கேர்ந்து பேசினாத்தான நீங்க திரும்புனீங்க.”

எனக்கே தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏன் சொல்லவில்லை என்றேன்.

“மெஷின வுட்டு எறக்கிட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்.”

மாடி வீட்டுக்காரர் தூக்கம் கெடக் கூடாதென்று ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.