அதுக்குப் பதிலா

இன்று காலை வீட்டுக் குழாயைச் சரிபார்க்க வந்தவர் பைப் ஒட்டுகிற பசை டப்பாவைத் திறந்தார். அந்தக் காட்டமான வாசம் சமையலறை வரைக்கும் வந்தது. அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருக்க, எனக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள் அண்ணா. செத்துப்போன மனிதரைப் பசை வாசத்தில் நினைத்துக்கொள்வது அவருக்கு மரியாதையா என்று தெரியவில்லை. நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நான் பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தபோது நீங்கள் எங்கள் வார்டின் எதிர்க்கட்சி மெம்பர். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாதுதான். ஆனாலும் எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் யார் எந்தக் கட்சி என்று கைக்குழந்தைக்கும் தெரியும். கூட்டத்தில் நான் ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் "அது வேண்டாமுங்க" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தோடு விட்டால் ஒரு சண்டையோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நீங்கள் விடமாட்டீர்கள். "அதுக்குப் பதிலா" என்று ஆரம்பிப்பீர்கள். டீ ஆறிப்போகும், கிளார்க் கொட்டாவி விடுவார், நீங்கள் நிறுத்தமாட்டீர்கள். எங்கள் கட்சிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் உங்களைப் 'பதிலா' என்றே கூப்பிட்டார்கள். சரி, நானும்தான் கூப்பிட்டேன்.

ஒரு கோடையில் தண்ணீர் அறவே இல்லை. பெண்கள் பள்ளத்து ஓடையிலிருந்து குடத்தைச் சுமந்து மேடேறினார்கள். கோயிலுக்குக் கீழே ஆழ்துளைப் போர் போடலாம் என்று நான் திட்டம் கொண்டுவந்தேன். உங்கள் கட்சிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அந்தப் பாறையில் தண்ணீர் வராது, புகைதான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வராமல் போகட்டும், மலைக்குச் சுற்றுலா வரும் சீசன் கூட்டம் நிறைந்திருக்கும்போது காலிக் குடங்களோடு ஒண்டிக்கடை முக்கில் மறியல் செய்து என் பெயரை நாறடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அதுவரை வாயைத் திறக்காதே என்று உங்களிடம் சொல்லியும் இருந்தார்கள்.

நீங்கள் திறந்தீர்கள். போர் வேண்டாம், அதற்குப் பதிலாகக் காப்பி எஸ்டேட்டின் உச்சியில் இருக்கிற ஊற்றிலிருந்து பைப் இழுக்கலாம், மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், சரிவில் தண்ணீர் தானாக இறங்கி வரும் என்றீர்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் முன்பே பேசி முதலாளியின் சம்மதமும் வாங்கி வைத்திருந்தீர்கள். எனக்குச் சந்தேகம். கூட்டம் முடிந்ததும் வாசலில் மடக்கி, இதில் என்ன சூது என்று நேராகவே கேட்டேன்.

"போர் பொய்ச்சுப்போனா எங்க கட்சிக்கு நொம்ப நல்லதுங்க அம்மிணி. ஆனா கொடத்தத் தூக்கிட்டு மேடு ஏறுறது எங்க ஊட்டுப் பொம்பளைங்களுந்தானுங்களே" என்றீர்கள்.

பைப் போட்ட நாளெல்லாம் காப்பிச் செடிகளுக்கு நடுவே என் பக்கத்தில் நின்று, பசை தடவி ஒட்டிய ஒவ்வொரு மூட்டுக்கும் குறை சொன்னீர்கள். தண்ணீர் வந்த அன்று பெண்கள் குலவையிட்டார்கள். நீங்களோ குனிந்து பார்த்துவிட்டு, குழாய் தாழ்வாக இருக்கிறது, அடியில் குடம் நிற்காது என்றீர்கள். ஒரு நல்ல வார்த்தை வராதா இந்த மனிதர் வாயில் என்று நினைத்தேன். ஆனால் குடம் நிற்கத்தான் இல்லை. மறுநாளே உயர்த்தி வைக்கச் சொன்னேன்.

பெயர் எனக்கு வந்தது, பழி உங்களுக்குப் போனது. நீங்கள் என்னிடம் விலைபோய்விட்டதாக உங்கள் ஆட்களே டீக்கடையில் பேசினார்கள். அடுத்த தேர்தலில் உங்களைக் கைகழுவிவிட்டு வேறொருவரை நிறுத்தினார்கள். அந்த வார்டை விட்டால் உங்களுக்கு வேறு என்ன இருந்தது? தனியாகவே நின்றீர்கள். எங்கள் பக்கம் நின்றது என் கொழுந்தனார். நான் வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டேன். வழியில் என்னைப் பார்த்த நீங்கள், "கேளுங்க அம்மிணி, நல்லாக் கேளுங்க. அப்படியே மேலத்தெருவுக்கு லைட்டு போடறதையும் அவருகிட்டச் சொல்லி வையுங்க" என்றீர்கள்.

இப்போது எங்கள் கட்சி எதிர்ப்பக்கம் இருக்கிறது. மறியலுக்கு வரச்சொல்லி என்னையும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். தொண்டை வலிக்கக் கத்துகிறோம். என்னதான் செய்யலாம் என்று நாம் சொல்ல வேண்டாமா என்று கேட்டால், அது ஆள்கிறவன் வேலை என்கிறார்கள். அப்போதெல்லாம் நீங்கள் இல்லையே என்று நினைத்துக்கொள்கிறேன் அண்ணா.

நீங்கள் தோற்ற அன்று எங்கள் வாசலில் வெடி வெடித்தார்கள். நீங்களும் வந்தீர்கள். கொழுந்தனாருக்குக் கைகொடுத்து, கொடுத்த லட்டை நின்று தின்றுவிட்டுப் போனீர்கள். சந்தோஷத்தில் அவர் எனக்கும் ஒரு லட்டை ஊட்டிவிட்டு, அண்ணியால்தான் ஜெயித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னார். நான் லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனேன். வீட்டில் இன்று வரை யாருக்கும் தெரியாது அண்ணா, என் ஓட்டை நான் உங்களுக்குத்தான் போட்டேன்.