மழைக்குட்டியின் அம்மா சாகவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாகத்தான் இருக்கிறோம், நீயும் உன் வீட்டுக்காரரும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், எப்போதும் அதே நினைப்புதான். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, வீடு அமைதியாக இருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்து பழையபடி மாடியேறி வந்து என் சமையலில் நொட்டை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். குழாய்க்காரர் மூன்று தடவை வந்து போயும் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஃபோனில் சொல்ல வாய் வராத ஒன்று இருப்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டாய். சின்ன வயதில் நீ உயிராகப் பார்த்த அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடர், மலைமேல் வானிலை நிலையத்தில் அப்பாவோடு இருந்துகொண்டு மழையையும் காற்றையும் அளந்து எழுதுகிற மழைக்குட்டியின் கதை, அதன் ஜப்பானிய மூலத்தையே வாங்கிவிட்டதாகவும் பத்து பாகம் பார்த்துவிட்டதாகவும் சொன்னாய். “அம்மா, மழைக்குட்டியோட அம்மா சாகவே இல்லம்மா, வீட்டை விட்டுப் போயிருக்கா, அவ்வளவுதான்! தமிழ்ல நீதானே வசனம் எழுதினே, ஏன் அவளைக் கொன்னே?” என்று கேட்டுச் சிரித்தாய். நான் யோசிக்கக்கூட இல்லை, “கம்பெனிக்காரங்க மாத்தச் சொன்னாங்கடி” என்று சொல்லிவிட்டேன். அப்படியா சங்கதி, அந்த ஸ்டூடியோவை எங்கள் ரசிகர் குழுவில் கிழித்துத் தொங்கவிடுகிறேன் என்றாய். யாரும் மாற்றச் சொல்லவில்லை பாப்பா. நானேதான் மாற்றினேன்.

உனக்கு ஆறு வயதில் நான் பதினொரு மாதம் வீட்டில் இல்லை, அத்தைதான் உன்னைப் பார்த்துக்கொண்டாள், ஞாபகம் இருக்கும். வேலைப் பயிற்சிக்குப் போனேன் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். பயிற்சியும் இல்லை ஒன்றும் இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெட்டியோடு கிளம்பிப் போய், ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு டப்பிங் வசனம் எழுதினேன். திரும்பி வரும் எண்ணத்தோடு போகவில்லை. அப்பா கெட்டவர் இல்லை, அடிக்கவில்லை, குடிக்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது, போனேன். அப்புறம் உன் நினைப்பு தாங்காமல் ஒருநாள் வந்து நின்றேன். நீதான் கதவைத் திறந்தாய், ஒரு வார்த்தை கேட்காமல் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாய். அப்பா என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் மழைக்குட்டி வந்தது. அப்போது வீட்டிலிருந்தே எழுதினேன், எல்லாப் பாகத்துக்கும் கதைச் சுருக்கத்தை முதலிலேயே அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது பாகத்தில் அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது, பட்டணத்தில் பாடப் போகிறேன், என்னைத் தேட வேண்டாம் என்று. முப்பத்தொன்றாவது பாகத்தில் அம்மா திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். மழைக்குட்டி உள்ளே நின்றுகொண்டு, கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அந்தச் சுருக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். கதவைத் திறக்காமலும் இருக்கலாம் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அதனால் மூன்றாவது பாகத்திலேயே அவளைச் சாகடித்தேன், பின்னால் வந்து தட்டியவளைச் சித்தி ஆக்கினேன். கார்ட்டூனில் வாய் சும்மா திறந்து மூடும், எதை வைத்தாலும் பொருந்தும். மழைக்குட்டிக்குக் குரல் கொடுத்த பெண்ணை, குயில் என்று கூப்பிடுவோமே, அவளை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. “அக்கா, இந்தப் பொண்ணு அழுவுறதைப் பாத்தா சித்திக்காக அழுவுற மாதிரி இல்லையே” என்றாள். எழுதியிருப்பதை மட்டும் பேசு என்று வெடுக்கென்று சொன்னேன்.

இதைவிட வெட்கக்கேடு இன்னொன்று. மூன்றாவது பாகம் ஓடிய அன்று நீ எழுந்து வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு “நீ செத்துப்போக மாட்டல்ல?” என்று கேட்டாய். அதற்கப்புறம் மூன்று மாதம், நான் குளிக்கப் போனால்கூட வெளியே நின்று கூப்பிட்டுப் பார்ப்பாய். நான் சமாதானம் சொல்லியிருக்க வேண்டும், அது வெறும் கதை, அதுவும் நான் மாற்றிய கதை என்று. சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது பாப்பா. விட்டுப் போனவளை இப்படி ஒரு குழந்தை தேடுகிறதே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய், உன்னைப் பயத்திலேயே விட்டு வைத்தேன்.

நேற்று ஸ்டூடியோக்காரருக்கு ஃபோன் போட்டேன், இப்போது எண்பது வயது, காது மந்தம். எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். “குயில் அன்னைக்கே சொல்லிடுச்சும்மா. உங்க வீட்டுக் கஷ்டம்னு நான்தான் கண்டுக்காம விட்டேன்” என்றார். இத்தனை வருஷமாக வாயைத் திறக்காத அந்த மனிதர் மேல்தான் பழியைப் போட்டிருக்கிறேன். அதனால் குழுவில் எழுதுவதானால் உண்மையை எழுது, வசனம் எழுதியவள் தன் வசதிக்காக மாற்றினாள் என்று. என் பேரையும் போடு.

முப்பத்தொன்றாவது பாகத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. அதற்கு நான் எழுதிய தமிழ் வசனத்தை மறந்துவிட்டு, மழைக்குட்டி தன் வாயால் என்ன சொல்கிறாளோ அதைக் கேள். கேட்ட பிறகு என்மேல் கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளாதே. ஆறு வயதில் நீ கேட்காமல் விட்டதையெல்லாம் இப்போது கேள், எத்தனை தடவை கேட்டாலும் பொய் சொல்லாமல் பதில் சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ வேண்டும். கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதே, தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்காதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அம்மா