கறுப்பாகத் தெரிந்த கட்டி

பிப்ரவரி 10, செவ்வாய்

கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது. வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிச் சுரண்டி விரல் மரத்துப்போயிற்று. காலையில் பதினோரு பேருக்கு ஸ்கேன். பன்னிரண்டாவதாக ஹோகன்.

விவாகரத்தாகி ஒன்பது வருஷம். முன்னாள் கணவனுக்குப் படம் எடுக்கக் கூடாதென்று எங்கள் ஆஸ்பத்திரியில் விதி எதுவும் இல்லை. நுரையீரலில் புற்றுக்கட்டி, அதற்கு நவம்பரிலிருந்து மருந்து ஏற்றிக்கொள்கிறான். நேற்று திடீரென்று மூச்சு இரைப்பு. இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

ஊசி போடும்போது, "ஒம்பது வருஷக் கோபத்தையும் ஒரே குத்துல தீர்த்துக்காத, மரீத்தா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடைப்பு இல்லை. ஆனால் எங்கள் மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு எக்ஸ்ரே ஆற்றல்களில் படம் எடுக்கும். நரம்பில் ஏற்றிய அயோடின் போய்ச் சேர்ந்த இடத்தையெல்லாம் தனியாக ஆரஞ்சு நிறத்தில் காட்டும். உயிருள்ள கட்டி இரத்தம் குடிக்கும், அதனால் ஆரஞ்சு. செத்த கட்டி கறுப்பு. யாரும் கேட்காமலே அந்தப் படத்தைத் திறந்தேன்.

கறுப்பு. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

முடிவைச் சொல்வது டாக்டர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நோயாளியிடமும் நான் வாயைத் திறந்ததில்லை. இன்று அவனுக்குச் சட்டை மாட்டிவிடும்போது சொல்லிவிட்டேன்: "கறுப்பா இருக்கு, ஹோகன். மருந்து கேட்டிருக்கு."

என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நானும் நகரவில்லை.

பிப்ரவரி 11

சந்தோஷமா இருக்கு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 14

இல்வாவிடம் பேசினானாம். எங்கள் மகள், டாஸ்மேனியாவில் மீன் பண்ணையில் வேலை. அப்பாவைப் பார்க்க அடுத்த வாரம் டிக்கெட் போட்டிருந்தாள். "ரத்து பண்ணச் சொல்லிட்டேன்" என்றான். "இந்தக் குளிர்ல வந்து என் இருமலைக் கேக்கவா? ஜூன்ல வரட்டும். மூணு பேரும் படகுல போவோம்."

மூன்று பேரும் என்றான். நானும் சரி என்றேன்.

மார்ச் 5

ஹோகனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சன்னா மறுபடி ஸ்கேன் எழுதினாள், இந்த முறை கட்டிக்காகவே. நான் எடுக்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டி முழுக்க ஆரஞ்சு. போன முறையைவிடப் பெரிது.

"பிப்ரவரில கறுப்பா இருந்துச்சே" என்றேன்.

சன்னா திரும்பிப் பார்த்தாள். "அது அடைப்புக்கு எடுத்த படம், மரீத்தா. ஊசி ஏத்தின பதினெட்டாவது விநாடி. அயோடின் அப்போ கட்டிக்கே போய்ச் சேர்ந்திருக்காது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். கட்டியைப் பார்க்க ஒரு நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். அந்தப் பதினெட்டை அன்று மெஷினில் பதித்ததே என் விரல்தான். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை — நினைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். கறுப்பாக இருக்கணும்னு ஆசைப்பட்டேன், கறுப்பா தெரிஞ்சுது. பாவி.

மார்ச் 6

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மூணு வாரம் நல்லாத் தூங்கினேன். அது நெஜந்தானே" என்றான்.

நான் அழுதேன். "இல்வாகிட்ட நானே பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத" என்றான்.

மார்ச் 9

இல்வா கிளம்பிவிட்டாள். ஹோபார்ட், மெல்போர்ன், தோஹா, ஸ்டாக்ஹோம். அவனுக்கு ஆக்சிஜன் கூட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 10

மதியம் இரண்டே கால். அவள் அப்போது தோஹாவில் இருந்தாள்.

மார்ச் 24

இந்த ஊரில் அடக்கத்துக்கு மூன்று நான்கு வாரம் ஆவது வழக்கம்; ஹோகனுக்கு இன்னும் பத்து நாள். என் சமையலறை மேசையில் உட்கார்ந்து இல்வா புகார் எழுதுகிறாள், டாக்டர் சன்னா மீது. "கட்டி செத்துப்போச்சுன்னு டாக்டரே சொன்னதா அப்பா சொன்னாரு. அந்தப் பொம்பளை பேச்சை நம்பித்தான் டிக்கெட்டை ரத்து பண்ணேன்."

டாக்டர் சொன்னதாகச் சொல்லியிருக்கிறான். உண்மை தெரிந்த பிறகும் என் பெயரை எடுக்கவில்லை. ஹோகன், ஏன்டா?

நான் பேசாமல் இருந்தால் போதும். இன்று பேசவில்லை.

மார்ச் 25

"டாக்டர் இல்ல, இல்வா. நான்."

அவள் கத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகம் பக்கம் போய்விட்டாள். மூன்று மணி நேரம் கழித்து வந்து கணினியைத் திறந்தாள். சன்னாவின் பெயரை அழித்தாள். "உன் வேலைக்கு முழுப் பேர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். தேதி கேட்டாள். சொன்னேன். எல்லாம் எழுதி அனுப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "சாப்பிட்டியா?" என்றாள்.

இல்லை என்றேன்.