சண்டியனுக்கு ஒரு வாய்க் காற்று

அரியாலை,
05.11.2023

அன்பான, ஆனால் ஆளைக் காணாத அண்ணைக்கு,

தம்பி தனோஜன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நிலையத்தில் சொன்னார்களாம். நீ சொன்னால் நம்புவேன். போனைப் பறித்து வைத்துக்கொண்டு கடிதம் எழுதச் சொல்கிற இடம் இந்தக் காலத்திலும் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் விழுந்து சிரிப்பார்கள். சொல்லவில்லை. அம்மாவின் கட்டளை.

நீ ஐஸ் போதையில் பிடிபட்டதும், கோர்ட் உன்னைப் புனர்வாழ்வுக்கு அனுப்பியதும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஊருக்கு நீ கட்டாரில் வேலை. உண்மையில் நீ இருப்பது கட்டாரில் இல்லை, கட்டாயத்தில்.

பக்கத்து வீட்டு மனோன்மணி அன்ரி போன கிழமை என்னைப் படலையில் மறித்தார்.

"மூத்தவருக்குக் கட்டாரிலை என்ன வேலை தம்பி?"

"ஒட்டகத்துக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுக்கிற கந்தோர் அன்ரி."

"அட, ஒட்டகத்துக்கும் லைசென்ஸோ?"

"பின்னை? முதல் எல் போர்ட் கட்டித்தான் ஓடவேணும்."

இப்போது அந்தக் கதை கோயிலடி வரை போய்விட்டது. அம்மா அகப்பைக் காம்பால் ஒன்று தந்தார். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இனி உன் பிள்ளைகள். காற்று மோட்டரையும் பெரிய தொட்டியையும் நீ விற்ற கிழமையே மற்ற மீன்கள் மேலே போய்விட்டன. சின்னத் தொட்டியில் மிஞ்சியது மோட்டர் கேட்காத சாதி: பைற்றர் மீன் சண்டியனும் இரண்டு குராமியும். உன் அறையில் அதே மேசையில்தான் இருக்கிறார்கள். சண்டியன் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு இன்னும் செட்டை விரித்துச் சண்டைக்குப் போகிறான். நான் காலையில் முகம் கழுவும்போது செய்வதும் அதுதான். ஆனால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறான். பசியா, பாட்டா? எழுது.

பொங்கலுக்கு முதல் உன்னை விடுவார்களாம். வீட்டுக்கு வருவாய்தானே? அம்மாவைக் கேட்டால் "பாப்பம்" என்கிறார்.

உன் தொல்லை,
தனோஜன்



புனர்வாழ்வு நிலையம்,
20.11.2023

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் தருவார்கள். எங்கள் ஆலோசகர் தியாகலிங்கம் சேர் ஒட்டகம் வந்த இடத்தில் நின்று சிரித்துவிட்டு, "உம்மடை தம்பி வலு சுழியன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோவிக்காதே. அந்த ஒட்டகத்தையும் இழுத்துக்கொண்டு நான் எப்படி ஊருக்குள் வருவது என்று யோசித்தேன்.

சண்டியன் பாட்டுப் பாடவில்லை, மூச்சு எடுக்கிறான். மற்ற மீன்களுக்குச் செவுள் போதும். இவர்களுக்குப் போதாது. தலைக்குள் சுருள் சுருளாக வேறோர் உறுப்பு இருக்கிறது. அதற்கு மேல்காற்று வேண்டும். மோட்டர் இல்லாமல் பிழைத்தது அதனால்தான். தண்ணீரை முக்கால்வாசிக்கு மேல் விடாதே. பாய்ந்துவிடுவான், கண்ணாடியால் மூடு. ஆனால் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். மேலே வர இடமில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போவார்கள்.

உடம்பு அந்தச் சாமானைக் கேட்கிற நேரம் இங்கே சுவரைத்தான் பார்க்க வேண்டும். நான் சண்டியனை நினைப்பேன். மேலே வருவான், ஒரு வாய் எடுப்பான், கீழே போவான். அது கொஞ்சம் உதவுகிறது.

அம்மாவிடம் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்காதே. நான் வீட்டுக்கு வரட்டுமா என்று மட்டும் கேள். "பாப்பம்" என்றால் எனக்கு விளங்கும்.

அன்புடன்,
அண்ணை



அரியாலை,
10.12.2023

அன்பு அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தில் பகிடி இல்லை, தேடாதே. சண்டியனும் குராமிகளும் செத்துவிட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு டெங்கு. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வீடு வீடாக வருகிறார், நுளம்புப் புழு கண்டால் வழக்கு என்று ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் ரியூசனில். அம்மா சிரட்டை, யோகட் கப் எல்லாம் பொறுக்கிக் கொட்டியிருக்கிறார். பிறகுதான் தொட்டி நினைவுக்கு வந்திருக்கிறது.

அவர் வழக்குக்குப் பயப்படவில்லை, அண்ணை. பி.எச்.ஐ.யுடன் ஊர்ச் சங்கத்து ஆட்களும் வருவார்கள், மனோன்மணி அன்ரியும் வருவார். தொட்டியைப் பார்க்க உன் அறைக்குள் போவார்கள். அங்கே மேசையில் உன் பாஸ்போர்ட் கிடக்கிறது. கட்டாருக்குப் போனவன் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டா போனான்?

அதனால் தண்ணீரைப் பாதி இறைத்து, தனியே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சாமான் அறையில் வைத்திருக்கிறார். இடைவெளி இருந்தால் நுளம்பு போகும் என்று விளிம்பு முட்டத் தண்ணீர் விட்டு, பொலித்தீனை இழுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, மேலே பழைய சாரத்தைப் போர்த்திவிட்டார். வந்தவர்கள் முற்றத்தைப் பார்த்து மெச்சிவிட்டு, தேத்தண்ணி குடித்து, கட்டார் வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்களாம்.

நான் வரப் பின்னேரமாகிவிட்டது.

"அம்மா, தொட்டி எங்கை?"

"பின்னுக்கு. வடிவா மூடி வைச்சிருக்கிறன்."

ஓடிப்போய்க் கிழித்தேன். சண்டியனின் வாய் பொலித்தீனோடு ஒட்டியிருந்தது.

"தண்ணிக்குள்ளை இருக்கிற மீன் மூச்சடைச்சுச் சாகுமோடா? என்னைப் பேய்க்காட்டாதை" என்றார் அம்மா. என் வாயை யார் நம்புவார்கள்? உன் கடிதத்தை எடுத்துவந்து மீன் பற்றிய இடத்தை வாசித்தேன். அம்மா அதைப் பறித்துத் தானே வாசித்தார். மீனோடு நிற்கவில்லை, கடைசி வரைக்கும் வாசித்தார். உன் கடிதத்தை அவர் தொட்டதே அப்போதுதான். அன்றைக்கு இரவு சமைக்கவில்லை.

அடுத்த நாள் உன் கேள்வியைக் கேட்டேன். "பாப்பம்" என்று சொல்லவில்லை. "கொஞ்ச நாள் வவுனியாவிலை சித்தி வீட்டிலை இருக்கட்டும். சனத்தின்ரை வாய் அடங்கட்டும். நான் போய்ப் பாக்கிறன்" என்றார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அண்ணை. கிணற்றடிச் செவ்விளநீர்த் தென்னைக்குக் கீழே தாட்டிருக்கிறேன்.

தனோஜன்



புனர்வாழ்வு நிலையம்,
28.12.2023

தம்பிக்கு,

அம்மாவைக் கோவிக்காதே. முதலில் சண்டியன் எவ்வளவு நேரம் முட்டியிருப்பான் என்றுதான் யோசித்தேன். பிறகு அம்மாவை யோசித்தேன். முதுகு நோவோடு அந்தத் தொட்டியைத் தனியே தூக்கியிருக்கிறார். நல்லதுக்குத்தான் மூடினார். என்னையும் நல்லதுக்குத்தான் மூடி வைக்கிறார்.

ஆனால் தம்பி, வீட்டுக்கு வந்தால் நான் கட்டார்க்காரனாக நடக்க வேண்டும். சித்தி வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு கதை வேண்டும். இங்கே காலையில் வட்டமாக இருந்து ஒவ்வொருவராகச் சொல்வோம்: "நான் மயூரதன். நான் ஐஸ் பாவிச்சனான்." முதல் நாள் நாக்கு எழும்பவில்லை. இப்போது சொன்னால்தான் அன்றைய பொழுது போகிறது. அதைச் சொல்ல முடியாத வீட்டில் நான் திரும்பவும் அந்தச் சாமானிடம்தான் போவேன். எனக்கு என்னைத் தெரியும்.

பொங்கலுக்கு முதல் விடுகிறார்கள். வவுனியாவுக்குப் போக மாட்டேன். வேறோர் இடம் யோசித்திருக்கிறேன். எழுதினால் நீ வந்து நிற்பாய், எழுதவில்லை. ஓ.எல். சோதனைக்குப் படி. அம்மாவைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

மயூரதன்



21.01.2024

அண்ணைக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே பஸ் ஏறினோம். அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார். வழி முழுவதும் பார்சலை மடியில் வைத்திருந்தார், சூடு ஆறிவிடும் என்று. வாசலில் தியாகலிங்கம் சேர் வந்து, "நேத்துத்தான் விட்டது. வீட்டுக்கெண்டு சொல்லித்தான் போனவர்" என்றார். அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார், இதுவும் நான் செய்த சேட்டையோ என்பதுபோல. அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று நானும் நினைத்தேன்.

நீ எப்போதாவது தியாகலிங்கம் சேரைத் தேடி வந்தால் கொடுக்கச் சொல்லி இதை அவருக்கு அனுப்புகிறேன். வருவாயா, தெரியாது. என் நம்பர் மாறவில்லை. உனக்கு இப்போது போன் தடையும் இல்லை.

நேற்று மனோன்மணி அன்ரி படலையடியில் நின்றார். "பொங்கலுக்கும் மூத்தவர் கட்டாரிலையிருந்து வரேல்லையோ?"

பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திவிட்டார்.

"அவன் கட்டாருக்குப் போகேல்லை அக்கா. ஐஸ் பாவிச்சுப் பிடிபட்டுப் புனர்வாழ்விலை இருந்தவன். இப்ப விட்டிட்டினம்."

சத்தமாகத்தான் சொன்னார். முன்வீட்டுக்காரர் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அன்ரி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். பிறகு கிட்ட வந்து அம்மாவின் கையைப் பிடித்து, மெல்லக் கேட்டார்.

"இப்ப எங்கை பிள்ளை நிக்கிறான்?"

"தெரியாது" என்றார் அம்மா.

உன்,
தம்பி