தமிழரசியின் கால்பந்து அணியை இங்கிலாந்துக்காரங்க வாங்கின கதை

என் பிரிய மச்சானுக்கு,

நீங்க கண்ணை மூடி மூணு வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். இந்தச் சேதியை அப்படிச் சொல்லி முடியாது, எழுதித்தான் ஆகணும். பந்துச் சேதி. ஆமா, நானேதான் எழுதுறேன். சிரிக்காதீங்க.

நீங்க போன மறுவருஷம், தேவிகுளத்துல நடந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துட்டு நம்ம மக அரசியைக் கொச்சிக்கு எடுத்துக்கிட்டாங்க. அங்கே லீக் ஆடுற பெரிய கிளப்போட பெண்கள் அணிக்கு. நீங்க கோல் போஸ்ட்டை விட்டு நகராத கீப்பர். உங்க மக ஒரு இடத்துல நிக்கவே மாட்டா, இடது ஓரத்துல ஓடிக்கிட்டே இருப்பா. பஸ் ஏத்திவிட்ட அன்னைக்கு நான் அழுதேன். அவ ஜன்னல் வழியாத் தலையை நீட்டி, "அம்மா, மலை இறங்கி நேரியமங்கலம் பாலம் தாண்டினதும் பேசுறேன்"னு சொன்னா. சொன்ன மாதிரியே பேசினா.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. இந்த வருஷம் ஆடி மழையில நம்ம எஸ்டேட் தேயிலை ஃபேக்டரிக்கு ஒரு சேதி வந்தது. கொச்சி கிளப்பை இங்கிலாந்துல இருக்கிற ஒரு பழைய கிளப் வாங்கிருச்சாம். ஒரு பந்து அணியை இன்னொரு பந்து அணி வாங்குமா மச்சான்? எனக்கு விளங்கவே இல்ல. உங்க கூட்டாளி முருகன் இப்பவும் நம்ம ஃபேக்டரியில எலக்ட்ரீஷியன்தான். அவர்கிட்டக் கேட்டேன்.

"ஒரு எஸ்டேட் கம்பெனி இன்னொரு எஸ்டேட்டை வாங்குற மாதிரிதான் அக்கா. அவுக பேரை இங்க பரப்புவாக. இங்க நல்லா ஆடுறவனை அங்க கொண்டு போவாக."

"ஆளுகளோட சேர்த்தா வாங்குவாக?"

"பின்னே? ஆளுகளோடதான்."

அதைக் கேட்டு நிம்மதியாப் படுத்தேன். ஆனா மூணே வாரத்துல அரசி கூப்பிட்டா. அழல. அவ அழாம இருந்தா எனக்குப் பயம், உங்களுக்குத் தெரியுமே.

"அம்மா, எங்க அணியை நிப்பாட்டிட்டாங்க. இனிமே ஆண்கள் அணி மட்டும்தானாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வந்துரு. எஸ்டேட்டுல ஆள் எடுக்காக. அப்பா பேரைச் சொன்னா உனக்கு வேலை குடுப்பாக."

அவ, "ஒரு மாசம் குடும்மா"ன்னா.

"ஒரு மாசத்துல என்னத்தைக் கிழிக்கப் போற?" என் வாயில வந்த வார்த்தை அதுதான் மச்சான். அதை நினைச்சு எத்தனை நாள் சோறு இறங்காம இருந்தேன். நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அந்த வாரமே நாலு பிள்ளைங்க பெட்டியைக் கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க ஒண்ணாக் கூடி உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாங்க. முதலாளிக்கு இல்ல. இங்கிலாந்துல அந்தக் கிளப்புக்குக் கைதட்டுற ரசிகர்களோட சங்கத்துக்கு. ஷைனின்னு அரசியோட சிநேகிதி இங்கிலீஷ்ல அடிச்சா. கெஞ்சல் ஒண்ணும் இல்ல. ஒவ்வொருத்தி பேரு, ஊரு, எந்த இடத்துல ஆடுறா, அவ்வளவுதான். கடைசியில ஒரே ஒரு வரி: "உங்க கிளப் எங்களை வாங்கியிருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?"

பதில் வந்தது. எழுதினது அந்த ஊர்ல பஸ் ஓட்டுற ஒரு அம்மா. அரசி எனக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டினா. "எங்க கிளப்பையும் அமெரிக்காவுல இருக்கிற ஒருத்தர் வாங்கித்தான் வச்சிருக்கார். எங்களையும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்க பேரை எல்லாம் எப்படிச் சொல்லணும்னு பேசி அனுப்புங்க." எனக்கு அந்தப் பொம்பளையைப் பார்க்காமலே பிடிச்சுப் போச்சு.

அதுக்கு நடுவுல, பிள்ளைங்களை விடுவிக்கிற காகிதத்துல கையெழுத்துப் போட வரச் சொல்லிப் பெத்தவங்க எங்களுக்கும் கிளப்புல இருந்து ஆள் அனுப்பினாங்க. லீவு எழுதிக் குடுத்துட்டுக் கொச்சிக்குப் போனேன். இங்கிலாந்துல இருந்து வந்த மேனேஜர் ஒருத்தர், பக்கத்துல மொழி சொல்ல ஒரு மலையாளி. நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சார். எல்லாருக்கும் சாயா குடுத்து, வருத்தமாத்தான் பேசினார். காகிதத்தை நீட்டினாங்க. அதுல பிள்ளைங்க பேருக்குப் பதிலா நம்பர் போட்டிருந்தது.

எஸ்டேட் ஆபீசுக்குள்ள போனாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அன்னைக்கு என்ன வந்ததோ, எந்திரிச்சுட்டேன்.

"சார், எங்க எஸ்டேட்டும் கைமாறியிருக்கு. யார் வாங்கினாலும் மறுநாள் காலையில மஸ்டர் நோட்டுல எங்க பேரை வாசிப்பாக. நீங்க இந்தப் பிள்ளைக பேரை ஒரு தடவையாச்சும் வாசிச்சீகளா?"

மொழி சொல்றவர் என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாச் சொன்னார். மேனேஜர் பேர் லிஸ்ட் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பேரா வாசிச்சார். வாசிக்க வாசிக்கப் பிள்ளைங்க எந்திரிச்சு நின்னாங்க. நம்ம அரசி பேரை அவர் 'டமிலராசி'ன்னார். "தமிழரசி, சார்"னு திருத்தினா. மறுபடி சொன்னார், மறுபடி தப்பு. அவ மறுபடி திருத்தினா. மூணாவது தடவை 'ழ' வரல, மத்தது வந்துருச்சு.

எந்த வாக்கும் குடுக்கல. மேலிடத்துல பேசுறேன்னு மட்டும் சொன்னார். நாங்களும் கையெழுத்துப் போடல.

ரெண்டு வாரம் கழிச்சு பஸ் ஓட்டுற அம்மா ஒரு போட்டோ அனுப்பினாங்க. அவங்க ஊரு மைதானத்துல, கேலரியோட அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரு வெள்ளைத் துணி. அதுல எல்லாப் பிள்ளைங்க பேரும். நம்ம மக பேருக்குக் கீழே 'தேவிகுளம்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தது. ஒரு எழுத்து விட்டுப் போச்சு. ஆனா நம்ம ஊருதான் மச்சான். முருகன் அதைத் தன் போன்ல வச்சுக்கிட்டு ஃபேக்டரி முழுக்கக் காட்டிட்டு வந்தார்.

அப்புறம்தான் கொச்சியில இருந்து தாக்கல் வந்தது. பெண்கள் அணி இன்னும் ஒரு வருஷம் இருக்கும், அதுக்கு மேல பார்க்கலாம்னு. அந்தத் துணியாலயா, நான் கேட்ட கேள்வியாலயா, வேற ஏதும் கணக்கா? எனக்குத் தெரியாது. போன நாலு பேர்ல ஒருத்திதான் திரும்பி வந்தா. கேப்டனும் போயிட்டதால நம்ம மகளைக் கேப்டன் ஆக்கிட்டாங்க.

முதல் ஆட்டத்துக்குப் போனேன். முழுசா உட்கார்ந்து பார்த்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சது. நம்ம லயத்து வீட்டுக்குக் கீழே பத்து நிமிஷ நடைதான் கிரவுண்டு. இருபது வருஷத்துல நீங்க ஆடி ஒரு தடவைகூட நான் பார்த்ததில்ல. விறகு இருக்கு, துணி இருக்குன்னு ஏதாவது சொல்லுவேன். உங்க சேத்து டிரவுசரைத் துவைச்சது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச பந்து. ஒரு ஞாயித்துக்கிழமையாவது 'வா புள்ள'ன்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்கக் கூடாதா நீங்க?

நாலுக்குப் பூஜ்யம், தோத்துட்டோம். அரசி தலை குனிஞ்சு வந்தா.

"நாலு வாங்கிட்டோம்மா."

"அதுல ரெண்டு ஆஃப்சைடு. அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியல"ன்னேன்.

அப்படியே நின்னுட்டா. அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, அழுகையும் சேர்ந்து வந்துருச்சு. அடுத்த ஆட்டம் சமம். அடுத்தது கோழிக்கோட்டுல.

ஒரு வருஷம் முடிஞ்சு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது மச்சான். இவங்களே வேற யாருக்காவது வித்துட்டுப் போனாலும் போகலாம். ஆனா உங்களுக்கு ஒரு வாக்குத் தர்றேன். உங்க மக ஆடணும்னாலும் சரி, போதும்னு மலை ஏறி வந்தாலும் சரி, முடிவு அவளோடது. நான் குறுக்கே நிக்க மாட்டேன். அவ ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பஸ் கிடைக்கிற ஊரா இருந்தா, கேலரியில நான் இருப்பேன்.

உங்க மாமன் மகளும்
உங்க பிள்ளையோட அம்மாவும் ஆன
முத்துலட்சுமி