ஆஸ்பத்திரி மூலை

பிப்ரவரி 12

காலையில் கோழி ஷெட்டில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஓர் எச்சம். மக்காச்சோளத் துணுக்கு கரையாமல் அப்படியே வெளியே வந்திருந்தது. ஓரத்தில் தக்காளித் தோல் நிறத்தில் சளி. குச்சியால் கிளறிப் பார்த்தேன். இடப்பக்கம் இன்னும் இரண்டு கண்ணில் பட்டன. வலப்பக்கம் முழுக்கக் குனிந்தே நடந்து தேடினேன், ஒன்றும் இல்லை.

அந்த எச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடி நின்றது. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி மூலையில் விட்டேன்.

குஞ்சுகள் வந்து இன்று பதினோராம் நாள். போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தூக்கியது ஒன்று.

பிப்ரவரி 13

டாக்டரம்மா வந்தார். கம்பெனியின் கோழி டாக்டர். நுழையும்போதே, "எங்க எழுத்தர் எங்கே?" என்று கேட்டார். எழுத்தர் நான்தான்.

கம்பெனி குஞ்சும் தீனியும் தரும், நாங்கள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்போம். முன்பெல்லாம் தீனியிலேயே ஆன்டிபயாடிக் கலந்து வரும். கோழி வாங்குகிறவர்கள் அது வேண்டாம் என்றதும் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் கழிச்சல். அதனால் இந்தத் தடவை டாக்டரம்மா ஷெட்டின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வலை கட்டச் சொல்லி, பக்கத்துக்கு இரண்டாயிரமாகப் பிரித்தார். இடப்பக்கத்துக்கு வெறும் தீனி. வலப்பக்கத்துக்கு மஞ்சள் நூல் கட்டிய மூட்டை. அதில் பூண்டு, ஓமம், பட்டை, மஞ்சள் எல்லாம் காயவைத்து அரைத்த பொடி கலந்திருக்கிறது. எந்தப் பக்கம் எத்தனை செத்தது என்று அவர் கொடுத்த பச்சை நோட்டில் தினமும் எழுதுவது என் வேலை.

"குடலுக்குள்ள ஒரு ஊரே இருக்கு பாப்பா. நல்லவனும் இருப்பான், போக்கிரியும் இருப்பான். பழைய மருந்து ஊரையே காலி பண்ணிடும். இந்தப் பொடி போக்கிரியை மட்டும் அதட்டி வைக்கும்" என்றார். பிறகு கையுறையை உருவிக்கொண்டே, "வைக்கும்னு கம்பெனியில நான் ஒருத்திதான் சொல்லிட்டுத் திரியறேன்" என்றார்.

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தலையை ஆட்டினேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை, ஷெட்டின் காட்டம் ஆகாது, அதனால் நின்றேன் என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி. எழுந்து நின்று படி என்றால் எனக்குக் குரல் வராது. எழுத்தெல்லாம் தெரியும், வாய்தான் திறக்காது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் போகவில்லை. கோழிகள் யாரையும் எழுந்து படிக்கச் சொல்வதில்லை.

பிப்ரவரி 15

இடப்பக்கத்திலிருந்து எட்டைத் தூக்கினேன்.

வலப்பக்கக் கதவோரம் பலகை வைத்து அடைத்த ஒரு மூலை உண்டு. ஒரு பல்பு, தாழ்வான தண்ணீர்த் தட்டு. நோஞ்சான் எந்தப் பக்கம் இருந்தாலும் அங்கே கொண்டுபோய் விடுவோம். ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தது அம்மா. "போறதுக்குத்தான் வழி, வர்றதுக்கு இல்ல, அதான்" என்பாள்.

இந்தத் தடவை மூலைக்கும் மஞ்சள் நூல் தீனிதான் விழுகிறது. நல்லதாகப் போயிற்று. இடப்பக்கத்து ஜீவன்களுக்கும் அந்தப் பொடி ஒரு வாய் கிடைக்கட்டும்.

செத்ததைப் பச்சை நோட்டில் எழுதுகிறேன். தூக்கியதை இங்கே எழுதுகிறேன். அதையும் யாராவது எண்ணட்டும்.

பிப்ரவரி 17

தூக்கியவை ஒன்பது. செத்தவை இடம் இரண்டு, வலம் பதினொன்று.

பிப்ரவரி 19

பல்குச்சி வந்திருந்தார். கம்பெனி சூப்பர்வைசர். வாயில் எப்போதும் ஒரு குச்சி இருக்கும். ஷெட்டுக்குள் வர மாட்டார், கதவில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"வாசனை தூக்குதேண்ணே."

"பொடிங்க சார்" என்றார் அப்பா.

அம்மா உள்ளேயிருந்து, "உப்பு ஒண்ணுதான் பாக்கி. உயிரோட இருக்கும்போதே மசாலா தடவின கோழி நம்மளுதுதான்" என்றாள். பல்குச்சி சிரித்தார். அப்பாவும் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இருமல் நின்றதும் பல்குச்சி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "சொல்லிடறேண்ணே. பொடிப் பக்கம் நல்லா வந்தா உங்க ஷெட்டை மருந்தில்லாக் கோழிக்குன்னே எழுதி வெச்சிடுவாங்க. வரலைன்னா அடுத்த குஞ்சு இங்க இறங்காது. ரெண்டு தடவை பொறுத்தாச்சு."

அப்பா, "ஆகட்டும் சார்" என்றார். வேறு என்ன சொல்வார்? இந்த ஷெட்டைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும்தான்.

தூக்கியவை பதினான்கு.

பிப்ரவரி 21

தரையில் பரப்பிய மரத்தூள் நனைந்து கட்டியாகிவிட்டது. மண்வெட்டியால் வெட்டினால் பாளம் பாளமாக வருகிறது. கண் எரிகிறது. அப்பாவை உள்ளே வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கேட்காமல் வந்தார். ஆளுக்கு ஒரு வாளி செத்த கோழி.

தூக்கியவை பதினேழு. பதினேழையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனபோது ஒன்று என் விரலை மெல்லக் கொத்தியது. பசிக்கிறது போல. பொடி வேலை செய்கிறதோ என்று நினைத்தேன்.

பிப்ரவரி 24

டாக்டரம்மா வலப்பக்க வாளியிலிருந்து ஆறு கோழிகளை எடுத்து மேஜையில் வைத்து அறுத்தார். நான் தட்டு பிடித்தேன். குடல் ஊதி, பலூன் போல மெலிந்து, விரல் பட்டதும் கிழிந்தது. உள்பக்கம் பழைய துண்டு மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஆறும் அப்படித்தான்.

"பொடி தின்ன கோழியோட குடலா இது?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

பச்சை நோட்டை வாங்கிக் கூட்டினார். இடம் எழுபத்தொன்று. வலம் நூற்று எண்பத்தொன்பது. மறுபடி கூட்டினார். பிறகு பக்கத்துக்கு ஐம்பது கோழிகளை எடை போட்டார். நாற்பது கிராம்கூட வித்தியாசம் இல்லை.

"உன் கணக்குல தப்பு இல்லையே?"

இல்லை என்று தலையாட்டினேன். தப்பு இல்லைதான். செத்ததைச் செத்த இடத்தில் எழுதியிருக்கிறேன்.

கை கழுவிக்கொண்டே அப்பாவிடம், "தோத்துட்டேங்க. உங்களையும் சேர்த்து இழுத்து விட்டுட்டேன். இன்னைக்கே மேல எழுதிடறேன்" என்றார். அப்பா, "அட, விடுங்கம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று துண்டை எடுத்துக் கொடுத்தார்.

தூக்கியவை பன்னிரண்டு.

பிப்ரவரி 25

இடப்பக்கத்தில் சுருண்டு கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வலையைத் தாண்ட வேண்டும். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். அப்படியே நின்றுவிட்டேன்.

இது இடப்பக்கத்துக் கோழி. வலப்பக்கத்தில் சாகப் போகிறது.

பிப்ரவரி 25, மறுபடி

இந்த நோட்டில் எழுதியதையும், எழுதாத நாட்களுக்கு ஓரத்தில் குறித்ததையும் கூட்டினேன். பன்னிரண்டாம் தேதியிலிருந்து நேற்று வரை இடப்பக்கத்திலிருந்து தூக்கியவை நூற்று முப்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பவை பதினான்கு. அந்தப் பதினான்கும் இடப்பக்கத்தவை என்று வைத்தாலும், அங்கிருந்து போய்ச் செத்தவை நூற்றுப் பதினேழு. அவற்றை அந்தந்தப் பக்கத்துக்கே கொடுத்தால் இடம் நூற்று எண்பத்தெட்டு. வலம் எழுபத்திரண்டு.

அப்படியே தலைகீழ்.

எடை ஏன் சரிசமமாக வரும்? இடப்பக்கத்து ஒல்லிகளை எல்லாம் நான்தான் பொறுக்கி எடுத்துவிட்டேனே. டாக்டரம்மா அறுத்த ஆறு? இரண்டு நாள் முன்புவரை அவை வெறும் தீனி தின்றவையாக இருக்கும். நான்தானே கொண்டுபோய் விட்டேன். என் கையால.

பொடி வேலை செஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியும்.

பிப்ரவரி 26

சொல்லணும். எப்படிச் சொல்றது? அப்பா முகத்தைப் பாத்துட்டு எப்படி— "கண்ணு, நீ இல்லேன்னா இந்த ஷெட்டே இல்ல" என்று போன மாதம்தான் சொன்னார்.

அம்மா குளிக்கப் போனபோது அவள் போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். "சொல்லுங்க." வாயைத் திறந்தேன். "யாரு? சொல்லுங்க. கேக்குதா?" எனக்குக் கேட்டது. அவர் மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வேறு யாரோ தவறுதலாக அழைத்ததாக நினைத்திருப்பார். மணி அடிக்கும்வரை நின்ற அதே பெண்தான்.

இன்று இடப்பக்கத்தில் யாரையும் தூக்கவில்லை. அதன் அதன் பக்கத்தில் இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இடம் பதினாறு செத்தது. வலம் மூன்று.

பிப்ரவரி 27

இடம் பதினெட்டு. வலம் மூன்று. பச்சை நோட்டில் எழுதினேன். அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

மார்ச் 3

பல்குச்சி கதவில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார். பொடி வேலை முடிந்தது. டாக்டரம்மாவை வேறு பகுதிக்கு மாற்றியாயிற்று. பத்தாம் தேதி லாரி வந்து கோழிகளை எடுத்துக்கொள்ளும். அடுத்த குஞ்சு இல்லை.

"எண்ணிக்கை அப்படிச் சொல்லுதுண்ணே. நான் என்ன பண்ணட்டும்?"

அப்பா அவரை ரோடு வரை கொண்டுபோய் விட்டு வந்தார். வந்து தண்ணீர்க் குழாயில் ஒழுகிய மூடியைத் திருகிச் சரி செய்தார். இன்னும் ஏழு நாள்தான், எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மா அன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மார்ச் 4

இனி யாரை எங்கே தூக்கினால் என்ன. ஆறு.

மார்ச் 10

லாரி வந்தது. பிடிக்கிற ஆட்கள் கைக்கு நாலைந்து கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கூண்டில் திணித்தார்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கோழிகளை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது. எது எந்தப் பக்கத்தது என்று எனக்கே தெரியாது.

ஷெட்டுக்குள் சத்தமே இல்லை. என் காது இரண்டு வருடமாக எவ்வளவு இரைச்சலில் இருந்திருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

அப்பாவுக்குக் கட்டிடப் பொருள் கிடங்கில் காவல் வேலை கேட்டிருக்கிறார்கள். "உக்காந்தே இருக்கலாமாம், நெஞ்சுக்கு நல்லது" என்று அம்மாவிடம் சொன்னார். நல்லது என்று சொல்கிற குரலா அது.

மார்ச் 12

தராசையும் பச்சை நோட்டையும் எடுத்துப்போக டாக்டரம்மா வந்தார். அப்பா உள்ளே நனைந்த மரத்தூளை வாரிக்கொண்டிருந்தார். பச்சை நோட்டைக் கொடுத்தேன். இந்த நோட்டையும் நீட்டினேன்.

"இது என்ன, உன் சொந்த நோட்டா?"

கையால் ஆஸ்பத்திரியைக் காட்டினேன். பிறகு இடப்பக்கத்தைக் காட்டினேன். அங்கிருந்து இங்கே என்று கையை இழுத்தேன். அவர் என் கையை, வலையை, மூலையை மாறி மாறிப் பார்த்தார். தராசைக் கீழே வைத்தார்.

"எத்தனை?"

கூட்டிய எண்ணிக்கை இருக்கும் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"அந்த மூலையைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு தடவையும் உள்ள வந்தேன்" என்றார் கடைசியில். "கேட்டிருக்கணும். நானும் கேக்கல."

அப்பாவின் மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது.

"இதை நான் மேல எழுதினாலும் உங்க ஷெட்டுக்குக் குஞ்சு வராது பாப்பா. வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. தெரியும்ல?"

தலையாட்டினேன்.

"உங்கப்பாவுக்கும் இப்ப கேக்கும். பரவாயில்லையா?"

அப்பா வலைக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியை ஊன்றி நின்றார். என்னையே பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் எழுதத் தெரியவில்லை.

டாக்டரம்மா இந்த நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தார். "உன் சொந்த நோட்டை நான் புரட்ட மாட்டேன். தேதியும் எண்ணிக்கையும் மட்டும் நீ படி. நான் எழுதிக்கறேன்."

முதல் பக்கத்தைத் திறந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார்.

"பிப்ரவரி பன்னிரண்டு" என்றேன். "ஒன்று."